கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறதே, இதற்குப் பெயர்தான் தியானமா?

கேள்வி இதுதான்: வேலை அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தினமும் அரை மணி நேரம் தியானம் செய்யச் சொன்னார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் இரண்டே நிமிடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எண்ணங்கள் முன்பைவிட வேகமாக ஓடுகின்றன. தியானம் உண்மையிலேயே உதவுமா, அல்லது என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவராதா?

ஒத்துவரும். தொடங்கிய இடம்தான் சரியில்லை. பதற்றம் உள்ளவருக்குக் கண்ணை மூடி மூச்சைப் பார்ப்பது கடினம். எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருவது அதைவிடக் கடினம். இரண்டையும் சேர்த்து முதல் நாளே கொடுத்தால், நீச்சல் பழக வந்தவரைக் கிணற்றின் நடுவில் இறக்கிவிட்ட மாதிரிதான்.

உங்களுக்கு நடப்பது என்னவென்று பார்ப்போம். மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும், அதுவரை தானாக ஓடிக்கொண்டிருந்த மூச்சை நாம் ஓட்ட ஆரம்பித்துவிடுகிறோம். ‘ஆழமாக இழு’ என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வர, தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறோம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை லேசாகச் சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் குறுகுறுக்கும், காற்று போதாததுபோல இருக்கும். போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்போம். ஏற்கெனவே ‘நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ’ என்ற பயம் உள்ளவருக்கு இவ்வளவு போதும். உடம்புக்குள் நடப்பதை ஓயாமல் வேவு பார்ப்பது பதற்றத்தின் குணம். கண்ணை மூடியதும் வெளியுலகம் மறைந்து வேவு பார்க்க உடம்பு மட்டும் மிஞ்சுகிறது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக் உள்ளிட்டவர்கள் 1980-களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்: நீண்டகாலப் பதற்றம் உள்ளவர்களில் சிலருக்கு, மனதைத் தளர்த்தச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியே பதற்றத்தைக் கிளப்பிவிடுகிறது.

பலன் எவ்வளவு?

தியானம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பவர்களும், எல்லாம் வெறும் மனப்பிரமை என்பவர்களும் ஆய்வுகளைப் படிக்காமல் பேசுகிறார்கள். 2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, 47 சோதனைகளில் பங்கேற்ற 3,515 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் பலன் தெரிந்தது. புள்ளியியல் அளவுகோலில் பதற்றத்துக்கு 0.38, மனச்சோர்வுக்கு 0.30. சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட பலன் இது. பொதுவான மன அழுத்தத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் சான்று இன்னும் பலவீனமாக இருந்தது. உடற்பயிற்சி, மருந்து, நடத்தைச் சிகிச்சை இவற்றைவிடத் தியானம் மேல் என்பதற்கு அந்தக் குழுவுக்குச் சான்று கிடைக்கவில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடப்பவர் அதை விட்டுவிட்டுத் தியானத்துக்கு மாற வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்று இதை நான் வாசிக்கிறேன்.

அதைவிட உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹோஜ் தலைமையில் நடந்து 2022-ல் வெளியான சோதனை. பதற்றக் கோளாறு உறுதி செய்யப்பட்ட 276 பேரில் ஒரு பாதிக்குப் பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரை, மறு பாதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி. எட்டு வார முடிவில் இரு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. பக்கவிளைவு மாத்திரைப் பக்கம்தான் மிக அதிகம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதை விட்டுவிடலாமா என்பது அந்தச் சோதனையின் கேள்வியே இல்லை.

திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கான வடிவம் தனியே உண்டு. பிரிட்டனில் 424 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தியான அடிப்படையிலான சிகிச்சையோடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 சதவீதத்தினருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு மறுபடி வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரையைத் தொடர விரும்பாதவர்களுக்கு மருத்துவர் துணையோடு இன்னொரு வழி இருக்கிறது என்பதே இதன் பொருள்.

பலன் தெரியாத இடங்களும் உண்டு. பிரிட்டன் பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான சோதனையில், வகுப்பு முழுக்கக் கட்டாயமாகக் கற்பித்த தியானம் வழக்கமான பாடத்தைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. ‘எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறும்’ என்ற செய்தியை நம்பிப் பயிற்சியில் சேர வேண்டாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 218 பேரிடம் கவனமாக அளந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலே சொன்ன பலன்களில் பெரும்பகுதி, 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் வகுத்த எட்டு வாரப் பாடத்தையோ அதை ஒட்டியவற்றையோ செய்தவர்களுக்குக் கிடைத்தது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள், வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் 45 நிமிடம். வீட்டுப் பயிற்சி மட்டும் 36 மணி நேரம் வருகிறது. அங்கேயே சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான் சராசரியாகச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். என்றாலும், செல்போன் செயலியில் நாலு நாள் பத்து நிமிடம் கேட்டுவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பது ஆன்டிபயாடிக்கை ஒருவேளை போட்டுவிட்டுக் காய்ச்சல் போகவில்லை என்பதற்குச் சமம்.

எங்கே தொடங்குவது

முதல் இரண்டு வாரம் மூச்சையே தொடாதீர்கள். நடந்து தொடங்குங்கள். மொட்டை மாடியிலோ கூடத்திலோ பதினைந்து, இருபது அடி நடக்க இடம் இருந்தால் போதும். செருப்பில்லாமல், வழக்கத்தைவிடப் பாதி வேகத்தில். குதிகால் எழுவது, கால் முன்னே போவது, பாதம் தரையில் பதிவது: இந்த மூன்றை மட்டும் உணருங்கள். மனதுக்குள் ‘தூக்கு, நகர்த்து, வை’ என்று சொல்லிக்கொள்ளலாம். சுவர் வந்ததும் நின்று, இரண்டு பாதமும் தரையில் இருப்பதை உணர்ந்து, திரும்புங்கள். பத்து நிமிடம். பதற்றத்தில் உடம்பு ஓடத் தயாராக நிற்கிறது; அந்த உடம்பை உட்கார வைத்துக் கட்டிப்போடுவதைவிட நடக்க விடுவது எளிது. பாதம் நெஞ்சுக்குத் தொலைவில் இருக்கிறது என்பதும் ஒரு வசதி. அங்கே கவனம் வைத்தால் இதயத் துடிப்பை எண்ணும் வேலை குறையும்.

மூன்றாவது வாரம் உட்காரலாம். ஐந்து நிமிடம்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகைச் சாய்க்காமல், பாதங்கள் முழுதும் தரையில் பட, தொடைகள் தரைக்கு இணையாக. தரையில் உட்கார்ந்தால் போர்வையையோ தலையணையையோ மடித்து நான்கு முதல் ஆறு அங்குலம் உயரத்தில் இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால்தான் கீழ்முதுகு தானாக நிமிரும். தலையணை இல்லாமல் சப்பணமிட்டால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் விழும். பத்தாவது நிமிடத்தில் வலிக்கும். தியானம் வலியோடு மல்லுக்கட்டுவதாக முடியும். பத்மாசனம் தேவையே இல்லை. கால் மரத்துப்போனால் மெதுவாக மாற்றி உட்காருங்கள், குற்றமில்லை. முழங்கால் மூட்டுக்குள் குத்தினால் உடனே எழுந்துவிடுங்கள். அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல.

கண்ணை முழுக்க மூட வேண்டாம். நான்கைந்து அடி தூரத்தில் தரையைப் பார்த்தபடி பாதி திறந்திருக்கட்டும். டைமர் வைத்துக்கொண்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இனி கவனத்தை எங்கே வைப்பது? மூச்சு ஒத்துவராதவர்களுக்கு மூன்று வழிகள். உள்ளங்கைகள் தொடையில் படும் இடத்தின் சூடும் எடையும் ஒன்று. சுற்றிலும் கேட்கும் சத்தங்கள் இன்னொன்று: மின்விசிறி, தெருவில் போகும் பைக், காக்கை. ‘இது என்ன சத்தம்’ என்று துருவாமல் வந்துபோவதைக் கேட்டால் போதும். மூன்றாவது ஒரு சொல். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் பரிந்துரைத்தது இதுதான்: ஒவ்வொரு வெளிமூச்சிலும் மனதுக்குள் ஒரு சொல். அவர் சொன்ன சொல் ‘ஒன்று’. முருகா, இயேசுவே, அல்லாஹ், ஓம் என நாவில் பழகிய எதுவும் ஆகலாம். சாமி நம்பிக்கை இல்லாதவர் ‘அமைதி’ என்று சொன்னாலும் வேலை நடக்கும்.

அதன்பின் நடப்பது எல்லோருக்கும் ஒன்றுதான். பத்து, இருபது நொடியில் மனம் நாளைய மீட்டிங்குக்குப் போய்விடும். போனதைக் கவனித்ததும், ‘யோசனை’ என்றோ ‘கவலை’ என்றோ ஒற்றைச் சொல்லால் பெயர் சொல்லிவிட்டு, கைக்கோ சத்தத்துக்கோ திரும்புங்கள். இந்தத் திரும்பல்தான் தியானம். ஐந்து நிமிடத்தில் முப்பது முறை அலைந்து முப்பது முறை திரும்பினால் முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது. ‘எண்ணமே இல்லாமல் இருக்க வேண்டும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். தியானத்தைப் பாதியில் விட்டவர்களில் பலர் இந்த ஒரு வாக்கியத்தால் விட்டவர்கள். பெயர் சொல்வதும் வெறும் சடங்கல்ல. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதை மேத்யூ லீபர்மேன் குழு 2007-ல் ஸ்கேனில் காட்டியது. ‘நான் பதற்றப்படுகிறேன்’ என்பதைவிட ‘பதற்றம் வந்திருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். வந்தது போகவும் கூடும் என்பது தமிழ் வாக்கியத்திலேயே இருக்கிறது.

நான்காவது வாரம் பத்து நிமிடம், ஆறாவது வாரம் பதினைந்து, எட்டாவது வாரம் இருபது. இந்த ஏற்றத்தில் எங்கே படபடப்பு கூடுகிறதோ அங்கிருந்து முந்தைய அளவுக்கு இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள்.

மூச்சுக்கு எப்போது வருவது? ஐந்தாவது வாரம் போல, அதுவும் தனியாக. மூக்கு வழியே நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்தில் முப்பது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடுகிறோம். மூச்சு வெளியேறும்போது, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயம் சற்று மெதுவாகும், உள்ளே வரும்போது சற்று வேகமாகும். வெளிமூச்சை நீட்டினால் இதயம் மெதுவாக ஓடும் நேரம் கூடுகிறது. முக்கியம்: மெதுவாக, ஆனால் ஆழமாக அல்ல. தோள் உயர்ந்தால், நெஞ்சு விம்மினால் அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. நான்கு-ஆறு திணறினால் மூன்று-நான்கு போதும்.

நம் யோக மரபில் 16-64-32 என்று ஒரு பிராணாயாமக் கணக்கு உண்டு: பதினாறு மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கால அளவு) இழுத்து, அறுபத்து நான்கு அடக்கி, முப்பத்திரண்டில் விடுவது. அது குருவின் அருகே பல ஆண்டு பழகியவர்களுக்கானது. படபடப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கும் எதையும் தொட வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளும் அப்படியே. மேலே சொன்ன கார்பன் டை ஆக்சைடு விவகாரத்தை அவை வேண்டுமென்றே வரவழைக்கும்.

தூக்கம் வராதவர்களுக்கு மட்டும் படுத்தபடி செய்யும் உடல் வலம்: இடது கால் விரலிலிருந்து தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால், தொடை என்று ஏறி, வலது காலுக்குப் போய், வயிறு, நெஞ்சு, கைகள், முகம் வரை ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு மூச்சு நேரம் தங்குவது. இருபது நிமிடம் ஆகும். நெஞ்சுப் பகுதியில் படபடத்தால் அதைத் தாண்டிக் கைகளுக்குப் போய்விடலாம்.

எங்கே கெடுகிறது

உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் காரணம் தூக்கக் கடன். இரவு ஐந்து மணி நேரம் தூங்குபவருக்கு முதலில் வேண்டியது இன்னும் ஒன்றரை மணி நேரத் தூக்கம். சாப்பிட்டவுடன் உட்காருவது, படுக்கையில் உட்காருவது இரண்டும் தூக்கத்தைத் தரும். உணவுக்கும் பயிற்சிக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். காலையில் செல்போனைத் தொடும் முன் செய்வது நல்லது. காபிக்கு முன்பா பின்பா என்பது சில்லறை விஷயம் போலத் தோன்றும்; ஆனால் காஃபீன் சிலருக்கு நேரடியாகப் படபடப்பைத் தரும், அவர்கள் முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, பதற்றம் உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போலத் தியானத்தை எடுத்துக்கொள்வது. வெள்ளத்தின் நடுவே நீச்சல் கற்க முடியாது. அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, வெளிமூச்சை மட்டும் நீட்டுங்கள். முகத்தில் குளிர்ந்த நீர் அடித்தால் இன்னும் நல்லது. பேனிக் என்னும் திடீர்ப் பதற்ற அலை பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும்.

இன்றைக்கு நன்றாக வந்ததா என்று மார்க் போடுவதும் கெடுக்கும். உட்காரும்போது இருந்த நிம்மதியை அளக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்னும் ஏழு கேள்விப் பட்டியலை நிரப்புங்கள். அது கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கும், எனவே அதைவிட அடிக்கடி நிரப்புவதில் பயனில்லை. மொத்த மதிப்பெண் 21. ஐந்து முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. 10-ஐத் தொட்டவர் தியானத்தை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவரையும் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுவதற்கு எட்டு வாரம் உட்கார்ந்து பார்ப்பானேன்?

அழுத்தத்தின் காரணம் வெளியே இருந்தால் அதைத் தியானம் தீர்க்காது. பதினான்கு மணி நேர ஷிப்ட், கந்துவட்டிக் கடன், வீட்டில் அடிக்கும் கணவன்: இவற்றுக்குத் தியானம் சொல்லித்தருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தூக்கமும் நிதானமும் கொஞ்சம் திரும்பினால் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க முடியும், அவ்வளவுதான். ஊழியர்களுக்குத் தியான வகுப்பு வைத்துவிட்டு வேலை நேரத்தைக் குறைக்காத நிறுவனம் செய்திருப்பது பாதி வேலைகூட இல்லை.

எல்லோருக்கும் பாதுகாப்பானதா என்றால், பெரும்பாலோருக்கு ஆம். ஆனால் 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான கட்டுரையின்படி ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்குப் பதற்றம், சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் வந்தன. முன்பு மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ வந்தவர்கள், வன்முறையோ விபத்தோ விட்டுச்சென்ற நினைவுகள் திடீரெனப் பாய்பவர்கள், நாளெல்லாம் மௌனமாக உட்காரும் பத்து நாள் முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. முகாம் கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம் என்பது இருபது நிமிடத்தைப் போல முப்பது மடங்கு. எந்த மருந்தையும் முப்பது மடங்கு ஏற்றினால் வேறு பொருளாகிவிடும். சேரும்போது கேட்கும் படிவத்தில் எடுக்கும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். தன் உடம்பு தன்னுடையதில்லை போன்ற உணர்வோ, தூக்கமே தேவைப்படாத உற்சாகமோ தொடர்ந்து இருந்தால் அதை ‘முன்னேற்றம்’ என்று யார் சொன்னாலும் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அது தியான நேரம் அல்ல. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் இருப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926.

உங்களுக்கு இன்றைக்கு வேண்டியது பத்து நிமிட நடை மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு.